கரையேறுவோரும் கரைக்குரியோரும்

2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையை வந்தடைந்தது. பல்லாண்டுகளாகப் பொதுமக்கள் நெருங்குதற்கரிய படைமுகாம் எல்லைக்குள் அடங்கிக் கிடந்த துறை அது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் படகுச் சேவையும் தொடங்கியது. இடையிற் சிலகாலம் நின்ற அச்சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. கடல்வழியே வரும் அயலாரைக் காங்கேசன்துறை மீண்டும் காணலாயிற்று.

உல்லாசக் கப்பலில் வருவோர்க்குக் கரையிலே கிடைப்பது சில மணி நேரமே. காலையில் இறங்கி மாலையிற் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்துள் அவர்கள் எதைக் காண்பது, எங்கே செல்வது என்னும் வினா, பயண முகவர்களுக்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். ஆயின் அதற்கு மறுபுறமும் உண்டு. வந்தவர் எதைக் காணவேண்டும் என்பதைக் கரைக்குரியோர் தீர்மானித்திருக்கின்றனரா என்பதே அம்மறுபுறம். ஒரு சிறு துறையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வினாவிற்கான விடையையே பொறுத்துள்ளன.

குடாநாட்டிற்கு இவ்வினா புதியதன்று. காங்கேசன்துறைக்கு மேற்கே, மாதகலை அடுத்துள்ள சம்பில்துறையே பண்டைய சம்புகோளப் பட்டினம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் அத்துறையில் வந்திறங்கியதாக மகாவம்சம் கூறுகின்றது. அரசனாகிய தேவநம்பிய தீசன் கரையிலே காத்திருந்து, கழுத்தளவு நீரில் இறங்கி அதனை எதிர்கொண்டான் என்பதும் அந்நூலின் கூற்றாகும். இது சமய வரலாறு. எனினும் விருந்தினரை எதிர்கொள்வது கரைக்குரியோர் கடன் என்னும் எண்ணம் இந்நாட்டிலே எத்துணைப் பழமையானது என்பதற்கும் இது சான்றாகின்றது.

எதிர்கொள்வது மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று இதனை நன்கு விளக்குகின்றது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறை என அதிற் குறிக்கப்படுவது இன்றைய ஊர்காவற்றுறை. பரதேசிகள் அத்துறைக்கே வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்று அரசன் பணிக்கின்றான். யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்திற்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வாணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால், பாதி பண்டாரத்திற்கும் பாதி உடையவனுக்கும் ஆகும். கரையில் ஒதுங்கியதையெல்லாம் கைப்பற்றிக் கொள்ளும் வழக்கம் உலகின் பல கரைகளிலும் இருந்த காலத்தில், வந்தவனுக்கு இத்துணை உரிமை உண்டென்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். இறங்கும் இடமும், பெறும் காவலும், கொடுக்கும் பங்கும் ஆகிய மூன்றையும் வகுத்தவன் விருந்தினன் அல்லன். கரையை ஆண்டவனே வகுத்தான் என்பது இங்கே கருதத்தக்கது.

கரையேறுவோன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் நம்முடைய வரலாற்றிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா 1344ஆம் ஆண்டிலே, காற்றினால் வழிதவறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தார். அவர் இறங்கிய பத்தாலம் என்னும் இடம் புத்தளமே என்பர். அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மூன்று நாள் விருந்தோம்பி, முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்குமாறு அரசன் கூறினான். பாவா ஆதமின் பாதச் சுவட்டைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் யாத்திரிகர். அரசன் பல்லக்கு அளித்தான்; நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துத் துணைவர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரை உடனனுப்பினான். வந்தவருக்குத் தாம் காண விரும்பியது இன்னதென்று தெரிந்திருந்தது. இருந்தவருக்கு அதனைக் காட்டும் வழி தெரிந்திருந்தது. வழிகாட்டிகள் இந்நாட்டவராகவே இருந்தனர். வேற்றுச் சமயத்தானுக்கு வழித்துணையாக யோகிகளும் பிராமணரும் சென்றனர்.

பின்னர் வந்தவர் பலர் கேட்டுப் பெறும் இயல்பினர் அல்லர். 1560இல் படையுடன் வந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். ஆயினும் இவர்களோடு வந்தவருள்ளும் கரையில் நெடுநாள் தங்கியோரே இந்நாட்டைப் பற்றிப் பயனுள்ள செய்திகளை எழுதிவைத்தனர். ஒல்லாந்த மதகுருவான பால்தேயஸ் இங்கே பல ஆண்டு தங்கியதன் பயனாக 1672இல் வெளியான அவருடைய நூல், அக்கால யாழ்ப்பாணத்தை அறிய இன்றும் உதவுகின்றது. 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிசனரியான தானியேல் பூவர் தமிழ் கற்றார். 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயினார். சமயத்தால் அவர்களோடு மாறுபட்டோரும் அவர்களது உழைப்பை மறுப்பதில்லை. கரையிற் கழித்த காலம் குறையக் குறைய அறிவும் குறையும். சில மணி நேரமே தங்குவோர்க்கு அறிவூட்டும் பொறுப்பு அதனால் முழுவதும் கரைக்குரியோரையே சாருகின்றது.

இத்தகைய நிலையிலுள்ள பிறநாட்டுத் துறைகள் என்ன செய்கின்றன என்று நோக்குதல் நன்று. வெப்பநாட்டுப் பெருந்துறைகளை இங்கு ஒப்பிடுதல் பொருந்தாது. மக்கள் குறைந்ததும், தலைநகருக்குத் தொலைவானதும், போரினால் அழிந்து மீண்டதுமான துறைகளையே நோக்கவேண்டும். அத்தகையவை உலகின் வடகோடியில், ஆட்டிக் வட்டத்துக்கு அப்பால், நோர்வேயின் பின்மார்க் மாகாணத்தில் உள்ளன.

அங்கே ஹொன்னிங்ஸ்வோக் என்று ஓர் ஊர். மூவாயிரம் பேருக்கும் குறைந்த மக்களே அதில் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஞாயிறு அடிவானுக்கு மேல் எழுவதில்லை. கோடையிலே பெருங் கப்பல்கள் வருகின்றன. ஊரில் உள்ளோரினும் மிகுதியானோரை ஒரே கப்பல் கொண்டுவந்து இறக்குவதும் உண்டு. இறங்கியோரிற் பெரும்பாலார் பேருந்தேறி, வடமுனை எனப்படும் 307 மீற்றர் உயரமான செங்குத்துப் பாறையைக் கண்டு திரும்புகின்றனர். ஆயின் துறைக்கு அண்மையிலேயே 1885இல் கட்டப்பட்ட வெண்ணிற மரக் கோயில் ஒன்று உண்டு. 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் பின்மார்க் முழுவதையும் எரித்துச் சென்றபோது, அவ்வூரில் எஞ்சிய கட்டடம் அக்கோயில் ஒன்றே. திரும்பி வந்த மக்கள் வீடுகள் எழும்வரை அதனுள்ளேயே குடியிருந்தனர். அயலூரான ஹமர்பெஸ்டில், அழிவையும் மீள்கட்டுமானத்தையும் விளக்குதற்கென்றே ஒரு நூதனசாலை அமைத்துள்ளனர். பாறை இயற்கையின் கொடை. கோயிலும் நூதனசாலையும் அம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறும் செய்தி. பாறையை மட்டும் கண்டு மீள்வோன் ஓர் உயரத்தைக் கண்டவன். கோயிலையும் கண்டவனே ஓர் ஊரைக் கண்டவன்.

இன்னும் வடக்கே, சுவால்பாட் தீவுக்கூட்டத்தில், நோர்வே அரசு கடுமையான ஒழுங்குகளை விதித்துள்ளது. 2025 சனவரி முதலாந் திகதி தொடக்கம், அங்குள்ள பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதிகளுக்கு 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் செல்லலாகாது. குறித்த 43 இடங்களிலன்றி அப்பகுதிகளிற் கரையிறங்கவும் ஆகாது. எண்ணூறாண்டுகளுக்கு முன் நயினாதீவுக் கல்லிற் பொறிக்கப்பட்ட ஆணையின் கருத்தே இஃது. இன்ன இடத்தில் இறங்குக என்று கூறும் உரிமை கரைக்கு உண்டு.

அந்த வடகோடி ஊர்கள் யாழ்ப்பாணத்தார்க்கு முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956இல் நோர்வேக்குச் சென்றார். அத்தொடர்பின் வழியே 1960களின் பிற்பகுதியிற் சீநோர் நிறுவனம் தோன்றி, காரைநகரிற் படகு கட்டும் தொழிலையும் குருநகரில் வலைத் தொழிலையும் வளர்த்தது. 1980களிலிருந்து, போரினால் இடம்பெயர்ந்த தமிழர் பலர் பின்மார்க்கின் மீன்பிடி ஊர்களிலே குடியேறி, மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். பின்னர் அவர்களுட் பலர் ஒஸ்லோ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். உல்லாசப் பயணி சில மணி நேரம் கண்டு வியந்த பனிக்கரையிலே, பனைநிழலில் வளர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். கரையேறியவனை ஒரு கரை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்த மக்கள் யாழ்ப்பாணத்தார்.

இனிக் காங்கேசன்துறைக்கு வருவோம். துறையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்துள்ளே காணத்தக்கவை எவை? மேற்கே கீரிமலை. உவர்க்கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறும் கேணி அது. ஆடி அமாவாசையன்று ஆயிரக்கணக்கானோர் பிதிர்க்கடன் செய்து நீராடும் தீர்த்தம். அருகே நகுலேசுவரம். தெற்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதனைக் கட்டுவித்தாள் என்பதும், காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கியமையால் இத்துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பதும் ஐதிகம். துறையின் பெயரே ஒரு கரையேற்றத்தின் நினைவு! இன்னும் தெற்கே கந்தரோடை. 1917ஆம் ஆண்டை அடுத்துப் போல் பீரிஸ் ஆராய்ந்த அவ்விடத்திலே சிறு தூபிகள் பல ஒருங்கே நிற்கின்றன.

இவற்றைக் காட்டுவதோடு நில்லாது, இவற்றின் பொருளையும் உணர்த்த வேண்டும். குடாநாட்டிற்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. கிணறுகள் தருவது அந்நீரையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். கீரிமலைக் கேணி அந்த நிலத்தடி நன்னீர் கடலை நோக்கி வெளிப்படும் வாய். இதனை அறிந்த பயணி அக்கேணியிற் சவர்க்காரம் கரைக்க நாணுவான். அறியாதவனுக்கு அதுவும் ஒரு குளிக்கும் தடாகமே. இந்நிலத்தின் நீரை எண்ணாது விடுதிகளையும் பயணிகளையும் பெருக்குவோர், இன்றைய வருவாய்க்காக நாளைய கிணற்றை அடகு வைப்போராவர்.

காட்டத் தயங்கும் ஒன்றும் இத்துறையில் உண்டு. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அங்கே ஓடிய புகையிரதமும் அதே ஆண்டில் நின்று, 2015 சனவரியிலேயே காங்கேசன்துறையை மீண்டும் அடைந்தது. வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் ஊரைவிட்டு நீங்கினர். காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் கேட்கும் குரல் 2020களிலும் ஓயவில்லை. வந்தோர் மனம் நோகும் என்று இவற்றை மறைக்க வேண்டியதில்லை. எரிந்த ஊரின் கதையை ஹமர்பெஸ்ட் மறைக்கவில்லை. அதனாலே அதன் மதிப்புக் குன்றவுமில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காணச் செல்வோர்க்கு, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த செய்தியைக் கூறாது வெண்மாடத்தை மட்டும் காட்டினால், காட்டியவர் கட்டடத்தைக் காட்டினாரேயன்றி நூலகத்தைக் காட்டினாரல்லர்.

ஆகவே முதலிற் செய்யவேண்டியது புதிய மண்டபங்கள் எழுப்புவதன்று. இறங்கும் தொகைக்கு ஓர் எல்லை வேண்டும். கோயிலிலும் கேணியிலும் நடந்துகொள்ளும் முறை துறையிலேயே அறிவிக்கப்படல் வேண்டும். வழிகாட்டுவோர் அவ்வூர்களிற் பிறந்து, அவ்வூர் வரலாற்றை முறையாகக் கற்ற இளைஞராக இருத்தல் வேண்டும். வந்தோர் வாங்கும் பனங்கட்டியும் ஒடியலும் பனையோலைப் பெட்டியும் செய்தோர் கைக்கே விலை சேர்த்தல் வேண்டும். மயிலிட்டி முதலிய துறைகளின் மீனவர் வலைவிரிக்கும் நீரைக் கப்பல்கள் மறித்தலாகாது.

இவற்றை வகுக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதன்று; பிரதேச சபைக்கும், கோயில்களின் தர்மகர்த்தாக்களுக்கும், மீனவர் சங்கங்களுக்கும், பாடசாலைகளுக்கும் உரியது. பராக்கிரமபாகுவின் கட்டளை அரண்மனை ஏட்டோடு நின்றுவிடவில்லை. கரைக்கு வருவோர் பேசிய தமிழிலே, தீவின் கல்லிலே அது வெட்டப்பட்டது. காங்கேசன்துறையில் அடுத்த கப்பல் நங்கூரமிடுமுன், இறங்கும் படியருகே அத்தகைய ஒரு கல் நாட்டப்பட்டிருத்தல் வேண்டும். அதில் எழுதவேண்டியதை எழுதித்தரத் தக்கவர்கள், அக்கரையை இழந்து, காத்திருந்து, மீண்டு வந்த மக்களே.