பூட்டு பளபளன்னு இருக்கு... கொண்டி ஆடுது! பழைய கதவு பூட்டை கண்டுபிடித்து மாற்றுவது எப்படி?

திண்டுக்கல்:
பூட்டி கிடந்த வீட்டை நோட்டமிட்ட மர்ம நபர்கள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து பீரோவில் இருந்த நகை, பணத்தை அள்ளிச்சென்றனர் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கல்யாணத்துக்கு போனவங்க, ஆஸ்பத்திரிக்கு போனவங்க, சபரிமலைக்கு போனவங்க என்று ஆள்தான் மாறுகிறது, சங்கதி ஒன்றுதான். மகள் கல்யாணத்துக்கு சீட்டு கட்டி சேர்த்த 5 பவுன் ஒரே ராத்திரியில் போய்விடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பூட்டை உடைத்து என்று சொன்னாலும் பல வீடுகளில் பூட்டு உடைவதே இல்லை. பூட்டு முழுசா தரையில் கிடக்கும். அதோடு சேர்ந்து கொண்டியும், நாலு அரை இஞ்ச் ஸ்க்ரூவும் கிடக்கும். கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் முடிந்தது.

முதலில் கொண்டியை பாருங்க

அதனால் புது பூட்டு வாங்க கடைக்கு கிளம்பும் முன்பு கொண்டியை பிடித்து ஆட்டிப்பார்க்க வேண்டும். ஆடினால் அதுதான் முதல் வேலை. கதவை பூட்டிவிட்டு வெளியே நின்று பாருங்கள். ஸ்க்ரூ தலை கண்ணுக்கு தெரிகிறதா? தெரிந்தால் பூட்டு எதற்கு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

பூட்டு மாட்டிய பிறகு ஸ்க்ரூவை மூடிக்கொள்ளும் மாதிரியான கொண்டி ஹார்டுவேர்ஸ் கடைகளில் கிடைக்கிறது. ஸ்க்ரூவுக்கு பதில் கதவை துளைத்து உருண்டை தலை போல்ட் விட்டு, உள்பக்கம் வாஷர் போட்டு நட்டு முடுக்குவது இன்னும் நல்லது. நிலையில் இருக்கும் நாதாங்கிக்கும் இதே கதைதான். நிலைச்சட்டத்தை கரையான் அரித்திருந்தால் ஆசாரியை கூப்பிட்டு மரத்தை சரி செய்யாமல் எந்த பூட்டு போட்டும் பிரயோஜனம் இல்லை.

சாவியே சொல்லிவிடும்

அடுத்து பூட்டு. அதை பிரிக்க வேண்டாம், சாவியை பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

லீவர் பூட்டுக்குள் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவி சுற்றும்போது ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அளவுக்கு தூக்க வேண்டும். ஒரு தகடு கொஞ்சம் கூட குறைய போனாலும் பூட்டின் நாக்கு நகராது. சாவிப்பல்லில் மேடும் பள்ளமுமாக பல வெட்டு இருந்தால் பல லீவர் என்று அர்த்தம். 6 லீவர், 7 லீவர் என்று பூட்டின் மேலேயே அடித்திருப்பார்கள். ஒன்றிரண்டு வெட்டு மட்டும் உள்ள சாவி என்றால் அது வாசல் கதவுக்கு ஆகாது. அந்த ரகத்தில் பக்கத்து வீட்டு சாவி உங்க வீட்டு பூட்டை திறந்தாலும் ஆச்சரியம் இல்லை. கோழிக்கூண்டுக்கு போடலாம்.

லீவர் எத்தனை இருந்தாலும் தேய்ந்துபோன பூட்டு ஆபத்துதான். சாவியை ஆட்டி ஆட்டி திறக்க வேண்டி இருக்கிறதா? பூட்டிய பிறகு வளையத்தை வெடுக்கென்று இழுத்தால் கழன்று வருகிறதா? பாதி சுற்றிலேயே சாவி வெளியே வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். சிலர் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஓட்டுவார்கள். எண்ணெயில் தூசி படிந்து பிசுபிசுத்து பூட்டு இன்னும் மோசமாகும். கிராபைட் பொடி போடுவதுதான் சரி. பென்சில் முனையை பொடி செய்து போட்டாலும் வேலை செய்யும்.

தொங்கு பூட்டு என்றால் வளையத்தையும் சோதிக்க வேண்டும். அரத்தால் லேசாக ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் பதம் ஏற்றிய இரும்பு. அரம் கடித்து கோடு விழுந்தால் ஆக்சா பிளேடுக்கு ரொம்ப நேரம் பிடிக்காது. வளையத்தின் ரெண்டு காலையும் பிடிக்கும் பூட்டு, ஒரு காலை மட்டும் பிடிக்கும் பூட்டை விட உறுதி.

திண்டுக்கல் பூட்டை தூக்கி போடாதீங்க

பழசு எல்லாமே மோசம் என்று நினைத்துவிடக் கூடாது. தாத்தா காலத்து திண்டுக்கல் மாங்காய் பூட்டு வீட்டில் இருந்தால் எடைக்கு போட்டுவிடாதீர்கள். திண்டுக்கல்லிலும், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற சுற்று ஊர்களிலும் கையாலேயே தகடு வெட்டி, அரம் போட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக சாவி ராவி செய்த சரக்கு அது. கோவிலுக்கும் குடோனுக்கும் நம்பி வாங்கினார்கள். வாயை திறக்காதவனை பார்த்து, வாய்க்கு திண்டுக்கல் பூட்டா போட்டிருக்கு என்று கேட்பது சும்மா இல்லை. இந்த பூட்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் மலிவு விலை பூட்டுகளின் போட்டியில் தொழில் நசிந்து, பட்டறைகள் குறைந்துவிட்டன. கையால் செய்த 7 லீவர் பூட்டை விட்டுவிட்டு பளபளப்பை பார்த்து லேசான தகர பூட்டை வாங்குவது நஷ்ட வியாபாரம். வளையமும் நாக்கும் தேயாமல் இருந்தால் பழைய பூட்டே ஓடட்டும். சாவி தொலைந்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அது யார் கையில் இருக்கிறது என்று யாருக்கு தெரியும்?

தானா பூட்டிக்கிற கதவு

சாத்தினாலே டக்கென்று பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் பல வீடுகளில் இருக்கிறது. வசதிதான். ஆனால் பழைய மாடலில் சரிந்த நாக்கு ஸ்பிரிங்கில் மட்டுமே நிற்கிறது. கதவு இடுக்கில் பிளாஸ்டிக் அட்டையை விட்டு அதை பின்னால் தள்ளிவிட முடியும். சாவியை இன்னொரு சுற்று சுற்றினால் நாக்கு இறுகிப்போகும் மாடல்தான் பாதுகாப்பு. ஒரே சுற்று பூட்டை விட ரெண்டு சுற்று சுற்றும் பூட்டில் நாக்கு நிலைக்குள் ஆழமாக இறங்கும்.

அபார்ட்மென்ட் கதவுகளில் ரெண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர் பூட்டு இருக்கும். அந்த சிலிண்டர் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு இருந்தால் பிடித்து ஒடிக்கலாம். கதவு மட்டத்துக்கு சரியாக உட்கார வேண்டும். இதில் ஒரு லாபம் உண்டு. பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம். கதவின் விளிம்பில் இருக்கும் நீள ஸ்க்ரூவை கழற்றி, சாவியை கொஞ்சம் திருப்பி இழுத்தால் சிலிண்டர் மட்டும் வந்துவிடும். அதே நீளத்தில் புதுசு வாங்கி மாட்டலாம். வாடகை வீட்டுக்கு குடி போகிறவர்கள் ஓனரிடம் சொல்லி இதை செய்வது நல்லது. முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை டூப்ளிகேட் சாவி போட்டார்களோ!

பழைய வீடுகளில் தேக்கு மர இரட்டை கதவு உண்டு. அதில் ஒரு கதவை மேல், கீழ் தாழ்ப்பாள்தான் பிடித்து நிற்கிறது. கீழ் தாழ்ப்பாளின் குழி மண் அடைத்து, கம்பி பாதிதான் இறங்கும். அப்போது நடுவில் எந்த பூட்டு இருந்தாலும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் ரெண்டும் சேர்ந்து திறந்துவிடும். ஆணியால் குழியை சுத்தம் செய்ய அஞ்சு நிமிஷம் போதும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

தொங்கு பூட்டுக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 275 தர விதி உள்ளது. கதவுக்குள் புதைக்கும் பூட்டுக்கு ஐ.எஸ். 2209. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பரும் இருக்க வேண்டும். அது நிஜமா, டூப்பா என்று பி.ஐ.எஸ். கேர் செயலியில் நம்பரை போட்டு பார்த்துக்கொள்ளலாம்.

புதைக்கும் பூட்டு மாற்றுகிறவர்கள் பழைய பூட்டை கழற்றி கையோடு கடைக்கு கொண்டுபோய்விடுவது நல்லது. கதவின் கனம், விளிம்பில் இருந்து சாவித்துவாரம் வரை உள்ள தூரம் ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் கதவை புதுசாக வெட்ட வேண்டி வரும். வெட்ட வெட்ட கதவுதான் பலவீனம் ஆகும். சாவியில் நம்பர் அச்சடித்த தகடு தொங்கினால் கழற்றி பத்திரப்படுத்த வேண்டும். அந்த நம்பரை வைத்து இன்னொரு சாவி செய்யும் வசதி சில கம்பெனிகளில் இருக்கிறது.

ஊருக்கு போகிறவர்கள் வெளியே தெரியும்படி பெரிய தொங்கு பூட்டு போடாமல் உள்பூட்டு பூட்டினால் வீட்டில் ஆள் இல்லாதது பளிச்சென்று தெரியாது. பக்கத்து போலீஸ் நிலையத்தில் தகவல் சொன்னால் ரோந்து போகும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள்.

உடைந்தால் தொடாதீங்க

திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் பதறிப்போய் உள்ளே ஓடுவது எல்லோரும் செய்வதுதான். கீழே கிடக்கும் பூட்டையும் கொண்டியையும் தொடக்கூடாது. கைரேகை நிபுணர்கள் வரும் வரை அப்படியே கிடக்கட்டும். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் வீடு புகுந்து திருடுவதற்கான வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 331, 305 பிரிவுகளின் கீழ் பதிவாகிறது. உடைந்த பூட்டு அதில் தடயம். அதை போலீசார் எடுத்துப்போய்விட்டால் அன்று ராத்திரி கதவுக்கு போட வேறு பூட்டு வேண்டும். அதனால் நல்ல பூட்டு ஒன்றை பீரோவுக்குள் தனியாக வைத்திருக்காமல் பக்கத்து வீட்டிலோ, கடையிலோ கொடுத்து வைப்பது உத்தமம்.