கண்வில்லையின் விலை: மதுரை அரவிந்த் வைத்தியசாலைகளின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று ஏழையை எப்பொழுது வந்தடைந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. செயற்கைக் கண்வில்லை 1949 இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியரால் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தென்தமிழகத்து ஏழைக் கிராமத்தவருக்கு அது பரவலாகக் கிடைப்பதற்கு மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற வைத்தியர் கோ. வெங்கடசாமி, 1976 இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பின்னர் தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997) ஆகிய இடங்களிலும் கிளைகள் எழுந்தன. வசதியுள்ளோர் செலுத்திய கட்டணமே வசதியற்றோரின் இலவச சிகிச்சையைத் தாங்கியது.

அங்கு கைக்கொள்ளப்பட்ட வேலைமுறை நோக்கற்பாலது. வைத்தியர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை மேசைகள் இரண்டு. ஒன்றில் அவர் கண்புரையை அகற்றுகையில் மற்றையதில் அடுத்த நோயாளி ஆயத்தப்படுத்தப்படுவார். கண்ணை அளப்பது முதல் கருவிகளைத் தொற்றுநீக்குவது வரையிலான பணிகளைக் கிராமங்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்ட இளம்பெண்கள் ஆற்றினர். முகாமைத்துவ நூலார் இதனை மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலைகளோடு ஒப்பிட்டு வியப்பர்; வெங்கடசாமியும் அவ்வொப்புமையை விரும்பியவரே. ஆயினும் அவ்வியப்பில் இப்பெண்களின் உழைப்புக்குக் கிடைத்த இடம் சிறிதென்பதே எமது கருத்து.

வேலைமுறை மட்டும் நீக்கவியலாத வேறுபாடொன்று 1980களில் அங்கு நிலவியது. பணம் செலுத்தியவரின் கண்ணில் செயற்கை வில்லை பொருத்தப்பட்டது. இலவச நோயாளியோ, புரைபடிந்த வில்லை அகற்றப்பட்டதும் தடித்த மூக்குக்கண்ணாடியோடு வீடு திரும்பினார். அக்கண்ணாடி பொருள்களைப் பெருப்பித்துக் காட்டும். பக்கப் பார்வையைக் குறுக்கும். உடைந்தால் பார்வையும் அதனோடு போய்விடும். வரம்பில் நடந்து வயல்வேலை செய்பவருக்கு இதன் பொருள் யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. வைத்தியரின் திறமைக்குறைவு இதற்குக் காரணமன்று. இறக்குமதியான வில்லையொன்று ஏறத்தாழ 100 டொலருக்கு விற்றமையே காரணம்.

1992 இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அமெரிக்கரான டேவிட் கிறீன் இம்முயற்சிக்குத் துணைநின்றார். வில்லையின் விலை 10 டொலர் அளவுக்கு இறங்கி, பின்னர் அதனினும் குறைந்தது. தொழினுட்பம் மேலைத்தேயத்தினின்று பெறப்பட்டதே. ஆனால் உற்பத்தி தம் கைக்கு வந்த பின்னரே இலவசப் பிரிவிலும் வில்லை பொருத்துதல் வழமையாயிற்று.

வேறுபாடு முற்றாக நீங்கிவிட்டது எனல் மிகையாகும். இன்றும் கட்டணம் செலுத்துவோருக்குப் பெரும்பாலும் விலையுயர்ந்த ஃபேக்கோ இயந்திரத்தாலும், இலவச நோயாளருக்குப் பெரும்பாலும் கையாற் செய்யும் சிறுவெட்டு முறையாலுமே சிகிச்சை நடைபெறுகின்றது. எனினும் இரு சாராரும் கண்ணுள் வில்லையோடுதான் வீடு திரும்புகின்றனர்.