கனவுக் கரையும் வரலாறும்: ஐவன் பீரிஸின் ஓவியங்கள்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகம் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. இத்துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகள், கடற்படைகள், எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கரையில் நின்று கடலை நோக்கிய மனிதனின் அகவுலகுக்கு அதில் இடமில்லை. அவ்வகவுலகையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டவர் இலங்கை ஓவியர் ஐவன் பீரிஸ் (1921-1988). அவர் தீட்டியது இலங்கையின் மேலைக் கரையை. எனினும் கீழைக் கரையினர்க்கும் அவர் கலை அந்நியமானதன்று.

தெகிவளையிற் பிறந்த ஐவன், ஹரி பீரிஸிடம் ஓவியம் பயின்றார். 1943 ஆகஸ்ட் 29இல், கொழும்பில் லயனல் வென்ட்டின் இல்லத்தில் '43 குழு தோன்றியபோது, அதன் நிறுவுநருள் ஒருவரான அவருக்கு வயது 22. ஆங்கிலேயர் வழிவந்த, கண்டதைக் கண்டவாறே தீட்டும் ஓவிய மரபினை இக்குழு நிராகரித்தது. அக்குழுவினருள் ஜோர்ஜ் கீற் கியூபிசத்தைக் கீழைத்தேயப் புராண மரபுடன் இணைத்தார். ஐவனோ நினைவின் வழிச் சென்றார். 1946இல் இலண்டன் சென்று பயின்று மீண்ட அவர், 1953இல் மறுபடியும் இங்கிலாந்து சென்று இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

எனினும் அவர் தூரிகை தெகிவளைக் கரையை விட்டகலவில்லை. நீண்ட தொடுவானம், அடங்கிய ஒளி, தனித்த மரங்கள், முகக்குறிகள் தெளிவுறாத மாந்தர்: இவையே அவ்வோவியங்களின் உலகம். அங்கு எவரோ எதற்காகவோ காத்திருக்கின்றனர், காலம் நகர்வதில்லை.

இக்கனவுத்தன்மை சமூக யதார்த்தத்தினின்றும் ஒதுங்கிக்கொள்வதாகாதா என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயின், கனவுக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. நேரிற் காணும் கரை நாள்தோறும் மாறுவது. பிரிந்து சென்றவன் நெஞ்சிலுள்ள கரையோ அவன் விட்டுச்சென்ற நாளிலேயே நின்றுவிடுகின்றது. ஐவனின் ஓவியங்களிற் காணப்படும் அசைவின்மை இப்பிரிவின் விளைவே எனலாம்.

1983இன் பின்னர் திருகோணமலையிலிருந்து பெயர்ந்தோர் பலர். ஐவன் தாமே விரும்பிச் சென்றவர். அவர்களோ வன்முறையால் துரத்தப்பட்டவர்கள். இவ்வேறுபாடு மறைக்கப்படலாகாது. எனினும், இழந்த கரையொன்று மனத்தில் எவ்வாறு வாழ்கின்றது என்பதற்கு அவர் ஓவியங்கள் சான்றாகின்றன. அத்தகைய சான்று எந்தக் கடற்படை ஆவணத்திலும் கிடைப்பதன்று. துறைமுகத்தின் வரலாற்றை முழுமையாக எழுத முனைவோர் கோட்டை மதில்களைப் போலவே கனவுகளையும் ஆராய்தல் வேண்டும்.