சிவப்பாய் மின்னும் பாக்டீரியா, மின்ன மறுத்த செடி

உயிரித்தொழில்நுட்பத்தைப் பள்ளியில் புத்தகம் வைத்துக் கற்பிக்க அதிகப் பணம் வேண்டாம். கையால் செய்து பார்க்க வைக்கத்தான் செலவு. அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாணவர் கற்பதும் மாறுகிறது. இதைப் பார்க்க கலிஃபோர்னியா தோதான இடம். ஒரே மாநிலத்தில் இரண்டு வழிகளையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

முதல் வழி மருந்து கம்பெனியுடையது. தவுசண்ட் ஓக்ஸில் இயங்கும் ஆம்ஜெனின், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான எபோஜென் மருந்து 1989இல் அனுமதி பெற்றது. மறு ஆண்டே அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு ஆய்வகக் கருவிகளை இரவல் தரும் முயற்சி தொடங்கியது. இன்று அதன் பெயர் ஆம்ஜென் பயோடெக் எக்ஸ்பீரியன்ஸ். இரண்டாவது வழி ஊர்க்காசு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொது மக்களுக்கென ஓர் உயிரியல் ஆய்வகம் வேண்டும் என்று சிலர் 2010இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்டார்கள். 239 பேர் சேர்ந்து 35,000 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தார்கள். மறு ஆண்டு பயோக்யூரியஸ் கதவைத் திறந்தது.

கம்பெனி இரவல் தரும் பெட்டிக்குள் நுண்துளி அளக்கும் மைக்ரோபிப்பெட், ஜெல் ஓட்டும் கருவி, நொதிகள், அகார் தட்டுகள் எல்லாம் இருக்கும். பெட்டிக்குமுன் ஆசிரியருக்குப் பயிற்சி. பயிற்சி முடிக்காதவருக்குப் பெட்டி கிடையாது. மாணவர்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தை வெட்டி, கடல்வாழ் உயிரி ஒன்றிலிருந்து வந்த சிவப்புப் புரதத்தின் மரபணுவை ஒட்டி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். தட்டில் சிவந்த புள்ளிகள் முளைக்கும். பிறகு அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். ஆம்ஜெனின் நியூபோஜென் மருந்தும் ஈ. கோலைக்குள்தான் தயாராகிறது. ஆக, பதினாறு வயதுப் பிள்ளை தன்னையறியாமல் அந்தக் கம்பெனியின் தொழிலையே ஒத்திகை பார்க்கிறது. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. பணம் போட்டவர் தனக்குத் தெரிந்ததைத்தான் கற்பிப்பார். ஆனால் திட்டம் எங்கெல்லாம் பரவியது என்று கவனித்தால் இன்னொன்றும் தெரிகிறது. ரோட் ஐலண்ட், புவெர்ட்டோ ரிக்கோ, அயர்லாந்து, சிங்கப்பூர் எல்லாமே கம்பெனிக்கு ஆலை உள்ள இடங்கள். எல்லா ஊரும் அப்படியல்ல என்றாலும், ஆலை இல்லாத ஊரின் ஆசிரியருக்கு இந்த வரிசை கொஞ்சம் உறுத்தும்.

எனக்குப் படும் பெரிய குறை வேறு. பெட்டியில் எல்லாம் இருக்கிறது, கேள்வியைத் தவிர. சிவக்குமா, சிவக்காதா என்பதற்கு மேல் மாணவர் கேட்க அதில் ஒன்றும் வைக்கவில்லை.

பயோக்யூரியஸில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பழைய இங்க்ஜெட் பிரிண்டரின் பாகங்களை வைத்து, உயிருள்ள செல்களை அச்சிடும் கருவி ஒன்றைச் செய்து, செய்முறையை எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். மென்பொருள் எழுதுபவரும் ஓய்வுபெற்றவரும் ஒரே மேசையில் நிற்கலாம். ஆனால் அந்தத் திறப்பு நாள் பணம் கதவைத் திறக்கத்தான் போதும். வாடகை, நொதி, கழிவை அகற்றும் செலவு மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். அதற்குச் சந்தாவும் கட்டண வகுப்புகளும். சந்தா கட்ட முடியாதவர் வெளியே நிற்பார். 'மக்கள் ஆய்வகம்' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடாது.

கூட்டத்தின் பணம் எதற்கு ஓடிவரும் என்பதற்கு அதே வட்டத்தில் முளைத்த ஒளிரும் செடித் திட்டம் சாட்சி. 2013இல் இருட்டில் தானே ஒளிவிடும் அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியின் விதை தருகிறோம் என்றார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 4,84,000 டாலர் கொட்டினார்கள். ஆய்வகத்துக்குக் கிடைத்ததைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல். பல மரபணுக்களைச் செடிக்குள் ஒன்றாக இயங்க வைப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மரபணு மாற்றிய உயிரிகளைப் பரிசாகத் தருவதை கிக்ஸ்டார்ட்டர் தடைசெய்தது. 2017இல் பணம் தீர்ந்து திட்டம் நின்றது. மின்னும் பெட்டூனியா கடைசியில் 2024இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது விற்றது வேறொரு கம்பெனி. பிப்பெட்டுகளைப் பழுது பார்க்கிறோம், காசு கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எட்டாயிரம் பேர் வந்திருப்பார்களா? ஆம்ஜென் பெட்டியின் பலமே அங்கேதான். திரும்பி வந்த பெட்டியைக் கழுவி, குறைந்ததை நிரப்பி, அடுத்த பள்ளிக்கு அனுப்பும் ஆளுக்கும் அங்கே சம்பளம் உண்டு. முப்பது ஆண்டு தாண்டியும் ஓடுவதற்கு அந்தச் சுவாரசியமற்ற வேலைதான் காரணம் என்பேன்.

இரண்டையும் எதிரும் புதிருமாக நிறுத்துவதும் முழுக்கச் சரியில்லை. இத்தகைய மக்கள் ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளில் பல, மூடிய அல்லது இடம் மாறிய உயிரித்தொழில்நுட்பக் கம்பெனிகள் கழித்துவிட்டவை. ஊர்க்காசு கம்பெனியின் எச்சத்தில் ஏறி நிற்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எதைத் தேடலாம் என்று கேட்டால், தயங்காமல் கம்பெனிப் பெட்டியைத்தான் சொல்வேன். வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் பிப்பெட்டைப் பிடிப்பார்கள். அதைப் பிடித்துப் பழகியபின் பிள்ளைக்குச் சொந்தக் கேள்வி எழுமானால், பெட்டிக்கு அங்கே வேலையில்லை; அப்போதுதான் மக்கள் ஆய்வகம் வேண்டும். பயோக்யூரியஸும் ஓக்லண்டிலுள்ள இன்னொரு மக்கள் ஆய்வகமான கவுண்டர் கல்ச்சர் லேப்ஸும் சேர்ந்து 2014இல், பசுவில்லாமல் ஈஸ்டைக் கொண்டு பால்புரதம் செய்து சீஸ் ஆக்குவோம் என்று 37,000 டாலர் திரட்டின. அந்தச் சீஸ் கடைக்கு வரவில்லை. ஆனால் ஈஸ்ட் செய்யும் கேசீன் என்ற அந்தப் புரதம் பாலில் உள்ளதைப்போலத் திரளுமா என்று மாலை வேளைகளில் வந்து மல்லுக்கட்டிய தன்னார்வலர்களிடம், விடை எழுதிய கையேடு எதுவும் இருக்கவில்லை.