நகரத் தந்தை சத்தியமூர்த்தியும் பூண்டி நீரும்

நாடாண்ட மன்னரின் வரலாற்றை எழுதினோர் பலர். நகராண்டவரின் வரலாற்றை எழுதினோர் மிகச் சிலர். போரும் முடிசூட்டு விழாவும் ஏட்டில் ஏறுகின்றன. ஓர் ஊருக்குத் தண்ணீர் வந்த நாள் ஏறுவதில்லை. ஆயினும், அபர்டீன் பஜாரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருந்து, கோடை வந்தால் குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் குடங்களை நிரப்பி வைக்கும் நமக்கு, இவற்றுள் எது பெரிய செய்தி என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, சென்னை மாநகரின் மேயராக ஓராண்டே வீற்றிருந்து, தலைமுறைகளுக்கு நீர் தேடி வைத்த தீரர் சத்தியமூர்த்தியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். கோட்டையும் குடைவரைக் கோயில்களும் உடைய அவ்வூர், மழையை நம்பிக் கண்மாயில் நீர் தேக்கி வாழும் பூமி. நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல, அத்தகைய கண்மாய்க் கரைகளிலிருந்தே கப்பலேறி இத்தீவுக்கு வந்தன. இளமையிலேயே தந்தையை இழந்த சத்தியமூர்த்தி, புதுக்கோட்டையிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார்.

அவருடைய பெருஞ்செல்வம் நாவன்மை. 1919இல் அரசியல் சீர்திருத்தங்களைப் பற்றிச் சாட்சியம் அளிக்க இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் குழுவில் அவரும் இடம்பெற்றார். 1923இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபையுள் நுழைந்து, அரசாங்கத்தைக் கேள்விகளால் திணற அடித்தார். 1930இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் உச்சியில் கொடியேற்ற முயன்றபோது சிறைப்பட்டார். 1934ஆம் ஆண்டுத் தேர்தலில், செல்வாக்கு மிக்க ஏ. இராமசாமி முதலியாரைச் சென்னை நகரத் தொகுதியில் வென்று, டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். நாடக மேடையிலும் அவர் நடித்தார்; சங்கீத சபைகளுக்கும் துணை நின்றார்.

குறையே இல்லாத மனிதர் என்று அவரை நாம் கூறவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது, சத்தியமூர்த்தி எதிர்ப்பக்கம் நின்றார். காலம் டாக்டர் அம்மையாரின் பக்கமே தீர்ப்பளித்தது. வரலாறு எழுதப் புகுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

அதுபோலவே அவருடைய பெருந்தன்மையையும் மறைத்தல் ஆகாது. 1936இல் அவர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானபோது, விருதுநகர் இளைஞர் காமராசர் செயலாளரானார். 1940இல் காமராசர் தலைவராக, ஆசிரியர் போன்றிருந்த சத்தியமூர்த்தி அவருக்குச் செயலாளராகப் பணியாற்றினார். 1937இல் காங்கிரஸ் மாகாண ஆட்சியைப் பிடித்தபோது அமைச்சர் பதவி அவரை வந்தடையவில்லை. 1939இல் அவரைத் தேடி வந்தது மேயர் பதவி.

அப்பதவியின் இயல்பை ஈண்டு விளக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆட்சிப் பொறுப்பும் அவர் கையில் இருக்கும். சென்னையின் நிலை வேறு. 1688இல் தோன்றிய அந்நகராட்சியில், இடையே வழக்கொழிந்த மேயர் பட்டம் 1933இல் மீண்டும் வந்தது. மேயரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர்; நிர்வாகமோ அரசு நியமித்த ஆணையரிடம் இருந்தது. அங்கியும் பொற்சங்கிலியும் அணிந்து, வரவேற்புரை வாசித்து, ஓராண்டை இனிதே கழித்துவிட்டுப் போகத் தக்க பதவி அது.

சத்தியமூர்த்தி அவ்வாறு கழிக்கவில்லை. 1931இல் 6.47 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை, 1941இல் 7.77 லட்சமாக உயர்ந்தது. செங்குன்றம் ஏரி மட்டும் அந்நகரின் தாகத்தைத் தணிக்கப் போதவில்லை. கொசஸ்தலை ஆற்றின் வெள்ளமோ மழைக்காலத்தில் பெருகி, எண்ணூர் அருகே கடலில் வீணே கலந்தது. அவ்வாற்றைப் பூண்டியில் தடுத்துத் தேக்கினால் நகரம் பிழைக்கும் என்ற திட்டத்தைச் செயலாக்குவதில் மேயர் முனைந்து நின்றார்.

காலமோ மிகவும் பொல்லாதது. போரைக் காரணமாகக் கொண்டு காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939 அக்டோபரில் பதவி துறந்துவிட்டன. மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. எந்த அரசை எதிர்த்து மேடைதோறும் முழங்கினாரோ, அந்த அரசிடமே சென்று நகருக்கு நீர் கேட்க வேண்டிய நிலை அவருக்கு. அவர் கேட்டார், பெற்றார். 1940 ஆகஸ்டு 8ஆம் நாள் கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். கொள்கையில் பகை கொண்டோரிடத்தும் ஊர் நலனுக்காகக் கைகோத்தார். அதனால் கொள்கையைக் கைவிட்டாரல்லர். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அதே அரசு அவரை மீண்டும் சிறையிட்டதே இதற்குச் சான்று.

அவர் அமராவதிச் சிறையில் வாடிய அந்நாள்களில், நம் தீவு ஜப்பானியரின் பிடியில் இருந்தது. உடல் நலம் குன்றிய சத்தியமூர்த்தி, 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கம் நிறைவு பெற்றது 1944இல். தாம் முயன்று கொணர்ந்த நீரை அவர் கண்ணாற் காணவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுடைய அந்நீர்த்தேக்கத்துக்கே, 1996 முதல் கிருஷ்ணா நதி நீரும் வந்து சேர்கின்றது.

இனி நம் தீவை நோக்குவோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இங்கோ ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். அதனினும் இருமடங்கு பெற்றும் நாம் தவிப்பது ஏன்? தென் அந்தமானின் ஓடைகள் குறுகியவை; பெய்த நீர் விரைந்து கடலை அடைகின்றது; ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடுகின்றது. போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் நகருக்கு, 1973இல் அமைந்த தனிக்காரி அணையே தலையாய நீராதாரம். நமக்கும் குறை மழையில் இல்லை. தேக்கி வைப்பதில் உள்ளது. தேக்கி வைத்த சென்னையும் முற்றும் தப்பவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதன் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொணர நேர்ந்தது. ஒரு தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை பேணிப் பெருக்காவிடில் விளைவது இதுவே.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் நம் வள்ளுவர். அவர் வழி வந்த நாம், நம் கூரையில் விழும் மழையை நம் தொட்டியிலேனும் தேக்குதல் வேண்டும். நகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், "உம் பதவிக்காலம் கழிந்த பின்னரும் ஊருக்கு நிற்கும் பணி யாது?" என வினவுதல் வேண்டும். ஓராண்டுப் பதவியில் சத்தியமூர்த்தியால் அவ்வினாவுக்கு விடை கூற முடிந்தது. ஐந்தாண்டு கேட்போர்க்கு அது அரிதன்று.