படியும் மெய்ப்படியும்: விளையாட்டு வட்டுகளைப் பிசகின்றிக் காத்தலும் சரிபார்த்தலும்

1. ஆய்வுப் பொருள்

விளையாட்டு சி.டி. ஒன்றைக் கணினியில் போட்டு, உள்ளதையெல்லாம் ஹார்டு டிஸ்கில் இறக்கி, விளையாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, படி எடுத்தாயிற்று என்று வட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். விளையாட்டு ஓடுவது சரியான படிக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிசகுள்ள படியும் ஓடும். பிசகே இல்லாத படி சில வேளைகளில் ஓடாமலும் போகும். ஒரு படியை மெய்ப்படி என்று கொள்ள வேண்டுமானால், வேறொரு வட்டிலிருந்து வேறொரு டிரைவில் வேறொருவர் எடுத்த படியோடு அது ஒரு பைட்டும் மாறாமல் ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போகாத வரை நம் கையில் இருப்பது ஒரு சாட்சியின் வாக்குமூலம் மட்டுமே.

இதைத் திருவண்ணாமலையை வைத்து எழுதக் காரணம் உண்டு. ஒரு மூலத்திலிருந்து படி எடுப்பது, எடுத்ததைச் சரிபார்ப்பது, சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவது என்னும் மூன்றும் கல்வெட்டுத் துறையில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகின்றன. அதற்கு இவ்வூர்க் கோயில் நல்ல எடுத்துக்காட்டு.

2. மைப்படியும் பாடமும்

அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் சோழர் காலம் முதல் விசயநகர காலம் வரையிலான கல்வெட்டுகள் உள்ளன. காடவராயன் கோப்பெருஞ்சிங்கனின் சாசனங்களும் அவற்றில் உண்டு. 1902-இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் இவற்றுக்கு மைப்படி எடுத்தனர். 1937-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் பாடங்கள் அச்சாயின. 1990-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பி. ஆர். சீனிவாசனைக் கொண்டு இவ்வூர்க் கல்வெட்டுகளை மறுபடியும் தொகுத்து வெளியிட்டது.

மைப்படி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துக்கொண்டே போவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை ஒற்றினால் மேடான இடம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். உளி தவறிய இடமும், கல் பொரிந்த இடமும், பிற்காலத்தில் யாரோ அடித்த சுண்ணாம்பின் தடமும் தாளில் அப்படியே பதியும். எடுப்பவர் எதையும் படித்துப் பொருள் கொள்வதில்லை. படிப்பது அடுத்த வேலை. பதிப்பாசிரியர் ஐயத்துக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுவார். தாம் சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி போடுவார்.

பாடம் அச்சான பிறகும் மைப்படியின் தேவை தீர்வதில்லை. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டதும், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் அதற்கு உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். வாசிப்பில் பிழை நேர்ந்திருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க மைப்படி வேண்டும். வட்டுக் காப்பிலும் இந்தப் பிரிவினையே அடிப்படை: வட்டில் உள்ளதைத் திருத்தாமல் எடுத்த மூலப்படி வேறு, அதிலிருந்து ஓடும்படி ஆக்கிய கோப்பு வேறு.

இன்னொரு முன்மாதிரி காவிரிக் கரையில் உள்ளது. சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். பழங்கல்லின் படி இது என்பதை அந்த எழுத்துகளே அறிவிக்கின்றன. மூலக்கற்கள் போய்விட்டன. படி எடுத்தவர் சரியாக எடுத்தாரா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்று வழியில்லை. அச்சில் வார்த்த வட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரே மூல அச்சில் பிறந்த ஆயிரக்கணக்கான வட்டுகள் வீடுகளில் கிடக்கின்றன. அவை கிடக்கும்போதே ஒப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவசரம்.

3. வட்டுக்குள் என்ன இருக்கிறது

3.1 பொருளாக

சி.டி.யின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வெறும் பாலிகார்பனேட். தகவல் அடிப்பக்கத்தில் இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது மேலே, பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றே கீழே இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய அலுமினியப் படலம், அதன்மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். அடியில் விழுந்த கீறலை மெருகிட்டு நீக்கலாம். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் தகவலே நசுங்கியிருக்கும். பழைய வட்டை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுத் துளைகளில் வெளிச்சம் தெரிவதுண்டு. அந்த இடங்களில் படலம் போய்விட்டது. டி.வி.டி.யில் தகவல் படலம் 0.6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால் மேற்பக்கக் கீறலுக்கு அது தாங்கும்.

3.2 தரவாக

சி.டி.யில் ஒரு செக்டர் என்பது 2,352 பைட். ஒரு நொடிக்கு 75 செக்டர். கணினித் தரவுச் செக்டரில் பயனுக்குரியவை 2,048 பைட்டுகளே. மீதமுள்ளவற்றில் 12 பைட் செக்டரின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளம், 4 பைட் முகவரி, 4 பைட் பிழை கண்டறிய, 276 பைட் பிழை திருத்த, 8 பைட் வெறுமை. சாதாரண மென்பொருள் 2,048 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். கல்வெட்டின் செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு வருவதற்கும் மைப்படி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பிளேஸ்டேஷன் முதல் தலைமுறை வட்டுகளில் வேறொரு வகைச் செக்டரும் உண்டு. படக்காட்சியும் பேச்சொலியும் செல்லும் அந்தச் செக்டரில் 2,324 பைட்டுகள் பயனுக்குப் போகின்றன. திருத்தத்துக்கான 276 பைட் அங்கே கிடையாது, கண்டறியும் 4 பைட்டும் கட்டாயமில்லை. கிரிவலப் பாதைக் கடைகளில் ஒரு காலத்தில் விற்ற வி.சி.டி.களின் படமும் இதே வகைச் செக்டர்களில்தான் பதிவாகியுள்ளது. படத்தில் ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார் என்று வகுத்த அமைப்பு இது. பார்ப்பவருக்குச் சரி, காப்பவருக்கு இது பெரும் இடர். கண்டறியும் பைட்டும் எழுதப்படாத இத்தகைய செக்டரில் தவறாக வாசித்த பைட்டை, வட்டுக்குள் இருக்கும் எந்தச் சான்றைக் கொண்டும் உறுதியாகப் பிடிக்க முடியாது. இரண்டாவது வட்டு ஒன்றே சாட்சி.

4. பிசகு புகும் இடங்கள்

4.1 நகர்வு

ஒலித் தடங்கள் உள்ள வட்டில் ஒவ்வொரு டிரைவும் சற்று முன்னாலோ பின்னாலோ இருந்து வாசிக்கத் தொடங்கும். பிளெக்ஸ்டர் நிறுவனத்தின் பெரும்பாலான டிரைவ்களுக்கு இந்த நகர்வு 30 ஒலி மாதிரி (sample), அதாவது 120 பைட். நொடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும் ஒலியில் இது ஒரு மில்லி நொடிகூட இல்லை. காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் கோப்பின் தலையில் 120 பைட் மிகுந்தோ குறைந்தோ இருக்கும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் எண் முழுவதும் மாறிப்போகும். ஒரே வட்டை இருவர் எடுத்து, இருவரும் சரியாகவே எடுத்தும், ஒப்பிட்டால் ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

வட்டை வார்த்த ஆலையிலும் ஒரு நகர்வு நேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. தரவுச் செக்டர்களை ஒலியைப் போல வாசிக்கச் சொல்லி, தொடக்கத்து 12 பைட் அடையாளம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். அதை அடுத்து நிமிடம், நொடி, செக்டர் என முகவரி குலைந்த வடிவில் (தரவை வட்டில் குலைத்தே பதிவார்கள்) இருக்கும். குலைவை நீக்கி, அந்த முகவரி இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவை எண்ணினால் நகர்வு கிடைத்துவிடும். இதற்கு வட்டைக் குலைந்த வடிவிலேயே கொடுக்கும் டிரைவ் வேண்டும். எல்லா டிரைவும் கொடுக்காது.

4.2 துணைத்தடம்

ஒவ்வொரு செக்டருடனும் 96 பைட் துணைத்தடம் ஒன்று ஓடுகிறது. பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்று பிளேயர் காட்டுவது இதைப் பார்த்துத்தான். ஐரோப்பாவில் வெளியான பிளேஸ்டேஷன் வட்டுகள் சிலவற்றில், ஃபைனல் ஃபேண்டசி 8 உட்பட, சில குறிப்பிட்ட செக்டர்களின் துணைத்தடத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதினார்கள். லிப்கிரிப்ட் என்னும் காப்பு முறை அது. விளையாட்டு அந்தப் பிழைகளைத் தேடும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். துணைத்தடத்தைத் தானாகவே திருத்திக் கொடுக்கும் டிரைவில் எடுத்தால் அந்தப் பிழை போய்விடும். இங்கே திருத்தமே சிதைவாகிறது.

4.3 நிரப்புதல்

வாசிக்க முடியாத செக்டரைப் படியெடுக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? சில சுழியத்தால் நிரப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகரும். நல்ல கருவிகள் 55 என்னும் பதினாறடி எண்ணால் நிரப்பி, எந்தெந்தச் செக்டர் என்று பதிவேட்டில் எழுதிவைக்கும். பதிப்பாசிரியரின் சதுர அடைப்புக்கு இதுவே நிகர். சேஃப்டிஸ்க் காப்புள்ள கணினி விளையாட்டுகளில் ஆலையிலேயே நூற்றுக்கணக்கான செக்டர்களைப் பிழையாக வார்த்திருப்பார்கள். கீறலால் வந்த பிழையா, வார்ப்பிலேயே உள்ள பிழையா என்பதை ஒரு வட்டைக் கொண்டு உறுதிசெய்வது அரிது. இரண்டு வட்டுகளில் ஒரே செக்டர்கள் பிழைபட்டால் அது வார்ப்பு. இடம் மாறினால் அது கீறல்.

5. சரிபார்ப்பு

எடுத்த கோப்பை மற்றொருவர் கோப்போடு ஒப்பிட முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை. சி.ஆர்.சி. 32, எம்.டி.5, எஸ்.எச்.ஏ.1 ஆகிய மூன்று ஹாஷ் எண்கள் போதும். முதலாவதில் ஏறத்தாழ 429 கோடி வாய்ப்புகள் உள்ளன. தற்செயலாக இரு வேறு கோப்புகள் ஒத்துப்போவது அரிதினும் அரிது. எம்.டி.5-இல் 2004-இலும், எஸ்.எச்.ஏ.1-இல் 2017-இலும் வேறுவேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எண் வரும்படி ஆய்வாளர்கள் செய்துகாட்டியது உண்மை. அது திட்டமிட்ட போலிக்கான வழி. கீறலும் தூசியும் அப்படித் திட்டமிடுவதில்லை. மூன்றையும் சேர்த்துப் பதிந்தால் நம் தேவைக்குக் குறையொன்றுமில்லை.

ஒரே டிரைவில் ஒரே வட்டை இரண்டு முறை எடுத்து ஒத்துவந்துவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. டிரைவ் தன் நினைவகத்தில் வைத்திருந்த பழைய வாசிப்பையே மறுபடி கொடுத்திருக்கலாம். அதே கீறல் அதே தவறையும் தரலாம். உலக அளவில் இப்பணியைச் செய்துவரும் ரீடம்ப் தன்னார்வத் தொகுப்பு, இன்னொருவரின் தனிப்பட்ட படி ஒத்துவந்த பிறகே ஒரு பதிவைச் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்கிறது. வட்டின் நடு வளையத்தில் பொறித்த ஆலை எண்ணையும் பதியச் சொல்கிறது. விளக்கொளியில் வட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்த எண் படிக்கக் கிடைக்கும். பெட்டியும் பெயரும் ஒன்றாக இருந்து வளைய எண் வேறாக இருந்தால், திருத்திய பதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. கல்வெட்டறிஞர் எந்தச் சுவர், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று எழுதுவதைப் போன்ற கட்டாயம் இது.

6. நம் நிலைமை

தமிழ்நாட்டில் பிளேஸ்டேஷன் வைத்திருந்த தலைமுறையில் பலருடைய வட்டுகள் சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய, கணினியில் எழுதிய நகல் சி.டி.கள். முதல் தலைமுறை மூல வட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும், இவற்றின் அடி நீலமும் பச்சையுமாக இருக்கும். பிளேஸ்டேஷன் 2-க்கு டி.வி.டி.யில் வந்த விளையாட்டைச் சி.டி.க்குள் அடக்கப் படக்காட்சிகளை வெட்டியவையும் அவற்றில் உண்டு. இவற்றைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். ஒரு தலைமுறை எதை விளையாடியது என்பதற்கு இவையே சான்று. ஆனால் மூலத்தின் படி என்ற வரிசையில் இவற்றை வைக்கக் கூடாது, தனிப் பதிவாக வைக்க வேண்டும்.

இந்தியாவில் உருவாகிய வட்டுகள்தான் உண்மையான கவலை. ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்குச் செய்த அனுமான்: பாய் வாரியர், 2011-இல் வந்த ரா.ஒன், ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய இந்திப் படத்தை வைத்து எஃப்எக்ஸ்லேப்ஸ் 2008-இல் கணினிக்குச் செய்த கஜினி ஆகியவற்றை அமெரிக்கச் சேகரிப்பாளரோ ஜப்பானியச் சேகரிப்பாளரோ தேடிப்பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. நாம்தான் செய்ய வேண்டும்.

சட்டம் பாதி வழிதான் வருகிறது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தால் கன்னிமாரா நூலகத்துக்கு நூல்களும் இதழ்களும் போய்ச் சேர்கின்றன. விளையாட்டு வட்டு அதில் வராது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறையாக வாங்கியவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிராகக் கணினி நிரலின் காப்புப் படி எடுப்பதை அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஆனால் நூலகத்திடம் ஏற்கெனவே டிஜிட்டல் அல்லாத படி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறவியிலேயே டிஜிட்டலான வட்டு இதனால் வெளியே நின்றுவிடுகிறது. இந்த நிபந்தனையை நீக்கக் கோருவது நூலகத்துறையின் கடமை என்று கருதுகிறேன்.

7. செய்முறை

பிளேஸ்டேஷன் 2-இன் டி.வி.டி. வகை வட்டுகளிலிருந்து தொடங்குவது எளிது. டி.வி.டி. டிரைவ் செக்டரைத் தானே சோதித்து, சரியாக இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் பிழை என்று சொல்லும். நகர்வுச் சிக்கலும் துணைத்தடமும் அங்கே இல்லை. சாதாரணக் கணினி டிரைவே போதும். ஒலித்தடம் உள்ள சி.டி.களுக்குப் பழைய பிளெக்ஸ்டர் அல்லது உரிய மென்பொருள் ஏற்றிய ஏசூஸ் டிரைவ் தேட வேண்டும்.

வட்டை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சுற்றித் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போய் நெடுந்தொலைவுக்குத் தகவலை அழிக்கும். பிறகு வளைய எண், டிரைவின் பெயர், மென்பொருளின் பதிப்பு, பிழைச் செக்டர்களின் பட்டியல், மூன்று ஹாஷ் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளிலும் ஒரு கோப்பிலும் எழுத வேண்டும்.

இருவர் படிகள் ஒத்துவராவிட்டால் எது சரி என்று அப்போதே தீர்மானித்து மற்றதை அழித்துவிடக் கூடாது. எந்தச் செக்டரில் வேறுபடுகின்றன என்று பட்டியலிட்டு, இரண்டையும் அப்படியே வைத்து, வளைய எண் பொருந்தும் மூன்றாவது வட்டைத் தேட வேண்டும். அது கிடைக்கும் வரை பதிவேட்டில் அந்த விளையாட்டுக்கு எதிரே சரிபார்க்கப்படவில்லை என்றே எழுதியிருக்க வேண்டும்.