சிங்கப்பூர் டூர் போறீங்களா? ஹாக்கர் சென்டரில் என்ன சாப்பிடலாம், எப்படி கேட்கணும்? தெரிஞ்சுக்கோங்க!

சிங்கப்பூர் டூர் கிளம்பும்போது நம்மில் பலரும் பெட்டியில் முதலில் வைப்பது பருப்புப் பொடியும் ஊறுகாயும்தான். போய் இறங்கியதும் மூன்று வேளையும் லிட்டில் இந்தியா ஓட்டல்களைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஊர் மக்கள் தினமும் சாப்பிடும் இடம் ஹாக்கர் சென்டர். செலவு குறைவு, வெரைட்டி அதிகம். அதேநேரம், எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஆர்டர் செய்தால் சைவம் சாப்பிடுகிறவர்கள், ஹலால் பார்க்கிறவர்கள், அலர்ஜி உள்ளவர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரிடும். சில விதிகளை மீறினால் அபராதமும் கட்ட வேண்டி வரும். முழு விவரம் இதோ.

ஹாக்கர் சென்டர் என்றால் என்ன?

ஒரு காலத்தில் சிங்கப்பூர் தெருவோரங்களில் தள்ளுவண்டியிலும் கூடையிலும் உணவு விற்றவர்களை, 1970கள், 80களில் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கட்டிய பொதுக் கூடங்களுக்கு அரசு மாற்றியது. அவைதான் ஹாக்கர் சென்டர்கள். இன்று 100-க்கும் மேற்பட்ட இடங்களில் இவை இயங்குகின்றன. சீன, மலாய், இந்திய உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் ஹாக்கர் கலாசாரத்தை யுனெஸ்கோ தனது பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒருவேளை சாப்பாடு பெரும்பாலும் 4 முதல் 7 சிங்கப்பூர் டாலருக்குள் முடிந்துவிடும். டிப்ஸ் தேவையில்லை. ரெஸ்டாரன்ட்டில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10% சேவைக் கட்டணமும் 9% ஜிஎஸ்டி-யும் தனி. ஹாக்கர் கடைகளில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. கார்டு வாங்காத கடைகளும் உண்டு என்பதால் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

மேஜையில் டிஷ்யூ பாக்கெட் இருக்கா? உட்காராதீங்க!

காலி மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ கிடந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்ம ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரிதான். இதற்கு அங்கே 'சோப்' என்று பெயர். இது சட்டம் இல்லை, பழக்கம். ஆனாலும் எல்லோரும் மதிக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டு, டம்ளரை நீங்களே எடுத்து அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 டாலர் அபராதம். பல இடங்களில் ஹலால் தட்டுகளுக்குத் தனி அலமாரி இருக்கும். பார்த்து வையுங்கள்.

காபி எப்படி கேட்கணும்?

அங்கே காபிக்கு 'கோப்பி', டீக்கு 'தே' என்று பெயர். கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்து வறுத்து, துணி வடிகட்டியில் வடிப்பார்கள். வெறும் 'கோப்பி' என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி இனிக்க இனிக்க வரும். சுகர் இருக்கிறவர்கள் இந்த வார்த்தைகளைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்:

• ஓ – பால் இல்லாமல், சர்க்கரையோடு
• சி – சர்க்கரை சேர்க்காத கெட்டிப் பாலும் தனியாகச் சர்க்கரையும்
• கோசோங் – சர்க்கரை வேண்டாம்
• சியூ தாய் – சர்க்கரை கம்மி
• காவ் – ஸ்ட்ராங்
• பெங் – ஐஸ் போட்டு

இவற்றைச் சேர்த்துச் சொன்னால் போதும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் சர்க்கரை போடாத பிளாக் காபி. 'தே சி சியூ தாய்' என்றால் சர்க்கரை குறைவான பால் டீ. இஞ்சி டீ வேண்டுமா? 'தே ஹாலியா' என்று கேளுங்கள்.

சைவம், ஹலால், அலர்ஜி: எதில் என்ன இருக்கு?

• சிக்கன் ரைஸ்: 'சிக்கன் வேண்டாம், சாதம் மட்டும் போதும்' என்று கேட்டாலும் அது சைவம் ஆகாது. அந்தச் சாதமே கோழிக் கொழுப்பிலும் கோழி வேகவைத்த தண்ணீரிலும் சமைத்தது.
• லக்ஸா: தேங்காய்ப்பால் நூடுல்ஸ். மசாலாவில் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள்.
• நாசி லெமாக்: தேங்காய்ப்பால் சாதம். கூடவே வரும் சம்பலில் நெத்திலிக் கருவாடோ இறால் விழுதோ இருக்கும்.
• சார் குவே தியாவ்: அகலமான அரிசி நூடுல்ஸ். சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பும் சாசேஜும் சேர்ப்பது வழக்கம்.
• கேரட் கேக்: பெயரில் மட்டும்தான் கேரட். அரிசி மாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து வேகவைத்து, முட்டையோடு வறுத்துத் தருவார்கள்.
• காயா டோஸ்ட்: பிரெட்டில் தடவும் 'காயா' ஜாமில் தேங்காய்ப்பாலோடு முட்டையும் உண்டு.
• பிராட்டா: நம்ம பரோட்டாவின் சொந்தக்காரன். சாதா பிராட்டாவுக்கும் 'கோசோங்' என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டுக்க மீன் அல்லது மட்டன் குழம்பு வரலாம். பருப்புக் கறி கேட்டு வாங்குங்கள்.

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் சாத்தே சாஸ், ரோஜாக் இரண்டிலும் கவனமாக இருக்கணும். சீன சைவக் கடைகளில் 'மட்டன்', 'ஃபிஷ்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அவை சோயா, கோதுமைப் புரதத்தில் செய்தவை. முட்டையும் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஹலால் பார்க்கிறவர்கள் முயிஸ் அமைப்பின் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற போர்டு மட்டும் இருந்தால் அது ஹலால் சான்று ஆகாது.

சந்தேகம் வந்தால் கேட்கத் தயங்காதீர்கள். ஆங்கிலம் பெரும்பாலான கடைகளில் புரியும். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டரில் தமிழிலேயே பேசி வாங்கலாம்.

பீர் குடிக்கலாமா?

18 வயது நிரம்பியவர்கள் குடிக்கலாம். ஆனால் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பூங்கா, தெரு, கடற்கரை போன்ற பொது இடங்களில் மது அருந்தத் தடை. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். உரிமம் பெற்ற பார், ரெஸ்டாரன்ட்டுகளுக்குள் இந்தத் தடை இல்லை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் விதி இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் குடிக்கவே கூடாது. 2013 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது.

ரயிலில் தண்ணீர்கூட கூடாதா?

ஆமாம். எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி இல்லை. அபராதம் 500 டாலர் வரை போகும். வாசனை காரணமாக டுரியன் பழத்தை ரயிலில் எடுத்துச் செல்லவும் கூடாது. ஆசையாக இருந்தால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஒரு பாட்டில் கையில் இருந்தால் தண்ணீர் காசு மிச்சம். அந்தக் காசில் ஒரு 'கோப்பி சி காவ்' வாங்கிக் குடித்துப் பாருங்கள்!